தேசிக்காய் வேண்டாம், பயத்தம்மா போதும்: முகத்துக் கறுப்பு அடையாளங்களுக்கு

2024 ஏப்ரல் 21, காலை (கேள்வி)

எனக்கு 22 வயது, திருகோணமலை டவுன். இரண்டு கன்னத்திலும் பரு வந்து போன இடமெல்லாம் கறுத்து நிற்கிறது. ஆவணியில் அக்காவுக்குக் கலியாணம். பார்மசியில் ஒரு சின்னக் குப்பி கிரீமுக்கே ஆயிரக்கணக்கில் சொல்கிறார்கள், எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அந்தக் காலத்து ஆட்கள் பூசின மலிவான கைமருந்து ஏதாவது இருக்கிறதா? தேசிக்காய்ப் புளியும் (எலுமிச்சைச் சாறு) தேனும் கலந்து பூசினால் ஒரு கிழமையில் போய்விடும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். யாராவது செய்து பார்த்தீர்களா?

2024 ஏப்ரல் 21, இரவு

நான் செய்து பார்த்தேன் தங்கச்சி. தேசிக்காயை மட்டும் முகத்தில் வைக்காதே. தையல் வேலை குவிந்து கிடக்கிறது, நாளைக்கு விவரமாக எழுதுகிறேன். அதற்கிடையில் பூசிவிடாதே.

2024 ஏப்ரல் 22

இது 2016இல் நடந்தது. தாடையிலும் இடது கன்னத்திலும் எனக்கு உன்னைப் போலவே கறுப்பு அடையாளங்கள். அம்மம்மா பயத்தம்மாவில் (பச்சைப் பயறு அரைத்த மா) தேசிக்காய்ப் புளி விட்டுக் குழைத்து முகத்துக்குப் போடுவார் என்று எனக்கு ஒரு ஞாபகம். அதை நம்பி ஒரு சனிக்கிழமை காலை அரைத் தேசிக்காயைப் பிழிந்து, மாவைக் குழைத்து, முகம் முழுக்கப் பூசினேன். காய்ந்ததும் கழுவிவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டச்சு விரிகுடாக் கடற்கரைக்குப் போனேன். பதினொரு மணி தொடக்கம் இரண்டு மணி வரை மணலில்தான் இருந்தோம்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் பின்னேரம் எரிவு. மூன்றாம் நாள் சிவந்து, தாடையில் இரண்டு சின்னக் கொப்புளம். அது வற்றியபோது அந்த இடம் மண்ணிறமாக நின்றது. அதன் வடிவத்தை இன்றைக்கும் கண்ணுக்கு முன்னால் காண்கிறேன்: வாயோரத்திலிருந்து தாடை வரை ஒரு கோடு, கழுத்தில் ஒரு சொட்டு, வலக்கை மணிக்கட்டில் இன்னொரு கோடு. புளி எங்கெங்கே வழிந்ததோ அங்கேயெல்லாம் அதே தடம்.

ஆஸ்பத்திரியில் தோல் வைத்தியர் பார்த்தவுடனே “தேசிக்காய் பிழிந்தீர்களா, வெயிலில் நின்றீர்களா?” என்று கேட்டார். தேசிக்காயில் ஃபியூரனோகூமரின் என்று ஒரு வகைப் பொருள் இருக்கிறதாம். அது தோலில் கிடக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோலைச் சுட்டுவிடும். புளிப்பினால் வருகிற எரிவு வேறு, இது வேறு. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் காட்டும், அதனால் தேசிக்காயில் யாருக்கும் சந்தேகம் போவதில்லை. எனக்கு அந்தத் தடம் மங்க ஐந்து மாதம் எடுத்தது. தேன் சேர்த்தாலும் இது மாறாது.

நீ கேட்ட நேரமும் மோசமான நேரம். இந்த மாதம் புத்தாண்டை அண்டித்தான் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நின்றது.

2024 ஏப்ரல் 23

சரி, எதைப் பூசலாம் என்பதற்கு வருகிறேன். பயத்தம்மா. தேசிக்காய் இல்லாமல்.

பச்சைப் பயறு அரைக் கிலோ வாங்கு. வறுக்கக் கூடாது. வறுத்த மா பயத்தம் பணியாரத்துக்கு. கல் பொறுக்கி, கழுவி, பாயில் பரப்பி இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவை. ஒரு பயற்றைப் பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும். தோலோடு மில்லில் கொடுத்து அரை. மிளகாய் அரைத்த கையோடு அரைத்துத் தரவேண்டாம் என்று முதலே சொல்லிவிடு.

இனித்தான் முக்கியமான வேலை. அரிதட்டில் இரண்டு தரம் அரி. பிறகு ஒரு பழைய வேட்டித் துணியை ஏனத்தின் வாயில் கட்டி, அதற்கு மேல் மாவைப் போட்டுக் கையால் தடவித் தடவிச் சலி. துணிக்கு மேலே பச்சையும் மஞ்சளுமாகக் கொஞ்சம் குறுணி தங்கும். அதைத் தூர எறிந்துவிடு, அதுதான் முகத்தைக் கீறுகிறது. கீழே விழுந்த மாவில் ஒரு சிட்டிகை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் இரண்டு விரலால் உரசிப் பார். நறநறவென்று கேட்டால் இன்னும் ஒருமுறை சலி. சத்தமே இல்லாமல், பிள்ளைகளுக்குப் போடுகிற பவுடர் போல வழுக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டி மா. குழைக்கத் தயிர்த் தண்ணீர். எருமைத் தயிர்ச் சட்டியில் ஒரு பக்கம் கரண்டி போட்டு எடுத்துவிட்டு வைத்தால், அடுத்த நாள் அந்தப் பள்ளத்தில் இளம்பச்சை போலத் தெளிந்த தண்ணீர் ஊறி நிற்குமே, அதுதான். அதில் லக்டிக் அமிலம் மெதுவான அளவில் இருக்கிறது. வரண்ட தோல் என்றால் அதற்குப் பதிலாகப் பால். விளக்கு வைக்கிற நேரத்தில் பூசு. மூன்று விரலால் தடவினால் போதும், தேய்க்காதே. காய்ந்து இறுகி வெடிக்க விடாதே, மூன்று நிமிடத்தில் கழுவிவிடு. முகத்துக்குச் சவர்க்காரம் வேண்டாம், அதற்குப் பதிலாகத்தான் இது.

முதல் இரண்டு நாள் தாடைக்குக் கீழே ஒரு சின்ன இடத்தில் மட்டும் போட்டுப் பார். கடித்தால் விட்டுவிடு. பயறு ஒத்துக்கொள்ளாத ஆட்களும் இருக்கிறார்கள்.

அரைக் கிலோப் பயறு சலித்த பிறகும் நாலு மாதம் வரும்.

2024 ஏப்ரல் 27

நான் எழுதினதில் ஒரு பிழை இருக்கிறது, திருத்துகிறேன்.

இன்றைக்குச் சாம்பல்தீவில் சித்தி வீட்டுக்குப் போனேன். அம்மம்மா தேசிக்காய் போட்டதைப் பற்றிக் கேட்டேன். சித்தி திகைத்துப்போனார். “முகத்துக்கா? அவ எங்க முகத்துக்குத் தேசிக்காய் போட்டவ? அது தலைக்கு அரப்பு அவிக்கிறதுக்கெல்லோ. முகத்துக்குத் தயிர்த் தண்ணி. நீ ரெண்டையும் குழப்பிப்போட்டாய்.”

யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்கவேண்டும். எனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. வெள்ளிக்கிழமைகளில் கிணற்றடியில் இரண்டு ஏனம் இருக்கும், ஒன்றில் அரப்பு, மற்றதில் மா. இரண்டிலிருந்தும் பயறு மணக்கும். தேசிக்காய் மணத்தையும் சேர்த்து ஒரே ஞாபகமாக வைத்துக்கொண்டேன். அரப்பு நெற்றியில் வழிந்தால்கூட அம்மம்மா உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடச் சொல்வாராம். வெயில் ஏறின பிறகு முகத்தில் ஒன்றும் வைக்க விடமாட்டாராம். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் சேலை முந்தானை தலையில் இருக்கும். அதை நான் மரியாதைக்கு என்று மட்டும் நினைத்திருந்தேன்.

அம்மம்மாவின் மருந்தைக் குறை சொல்லக்கூடாது. பிழை என் ஞாபகத்தில்தான்.

2024 ஏப்ரல் 28

தேசிக்காய்த் தோலைக் காயவைத்து இடித்துச் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. அந்தச் சுடுகிற பொருள் சாற்றைவிடத் தோலில்தான் கூட.

2024 மே 5

கடையில் நலங்கு மா என்று பக்கெட்டில் வருவதைப் பற்றி மூதூரிலிருந்து ஓர் அக்கா கேட்டார். நல்லதும் இருக்கிறது. ஆவாரம்பூ, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, ரோசா இதழ் எல்லாம் சேர்த்து மணமாக இருக்கும். ஆனால் பக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். கார்போக அரிசி (சோறாக்கும் அரிசி இல்லை, ஒரு மருந்துச் செடியின் விதை) என்று இருந்தால் முகத்துக்கு வாங்காதீர்கள்.

கார்போக அரிசி சும்மா ஒரு வாசனைச் சரக்கு இல்லை. அதில் சோரலன் இருக்கிறது, தேசிக்காயில் சுடுகிற அதே குடும்பம். வெண்புள்ளி வந்த தோலில் நிறம் ஏறட்டும் என்று வைத்தியர்கள் அதைப் பூசி அளவாக வெயில் காட்டுவது பழைய வைத்தியம். நிறம் ஏற்றுகிற மருந்தை, நிறம் குறைய வேண்டும் என்று பூசுகிறோம். அறிந்த வைத்தியர் கையில் அது நல்ல மருந்து. நம்முடைய திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறார்கள், படித்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

2024 மே 12

இதை எழுதலாமா என்று ஒரு கிழமை யோசித்தேன். மச்சாளின் மகளிடம் கேட்டுவிட்டு, அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

போன வருசம் ஒரு கடையில் அவளுக்கு ஒரு வெள்ளை டப்பா கொடுத்தார்கள். பெயர் மட்டும் தங்க எழுத்தில். எங்கே செய்தது, உள்ளே என்ன, ஒன்றும் இல்லை. பத்து நாளில் கறுப்பெல்லாம் போய்ப் பளிங்கு போல ஆகிவிட்டாள். நாங்கள் எல்லோரும் வாயாரப் புகழ்ந்தோம். என்னிடமும் ‘மாமி, உங்களுக்கும் ஒன்று வாங்கட்டா’ என்று கேட்டாள். இரண்டு மாதம் கழித்து டப்பா முடிந்து, வாங்கக் காசில்லாமல் நாலு நாள் விட்டாள். முகம் தக்காளிப் பழம் போலச் சிவந்து, இதுவரை பரு வராத நெற்றியிலும் பரு. கன்னத்தில் நூல் போலச் சிவப்பு நரம்பு தெரியத் தொடங்கியது. உள்ளே ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கிறது என்றார் வைத்தியர். தோல் மெலிந்துவிட்டது. அது தேற எட்டு மாதம் எடுத்தது. அந்தப் பிள்ளை அந்த எட்டு மாதமும் ஒரு கலியாண வீட்டுக்கும் போகவில்லை.

இன்னொரு வகை டப்பாவில் பாதரசம் இருக்கும். தோல் நிறம் உண்டாக்குவதை அது தடுக்கும், கூடவே சிறுநீரகத்தையும் கெடுக்கும். துவாயிலும் தலையணையிலும் ஒட்டி வீட்டில் உள்ள குழந்தைக்கும் போகும். 2013இல் நாடுகள் ஏற்றுக்கொண்ட மினமாட்டா உடன்படிக்கையின்படி பாதரசம் சேர்த்த முகக்கிரீம்கள் தடை. இலங்கையும் அதில் இருக்கிறது. இருந்தும் பெயரில்லாத டப்பாக்கள் எங்கேயோ இருந்து வருகின்றன. மெர்குரி, கலோமல் என்று எழுதியிருந்தால் தொடாதே. ‘வெள்ளி, தங்க நகையில் படாமல் பூசவும்’ என்று எழுதியிருந்தாலும் அதே சந்தேகம்தான், பாதரசம்தான் நகையைப் பிடிக்கிறது.

கேள்வி கேட்ட தங்கச்சி, பத்து நாளில் வெளுக்கிறது என்றால் அதற்குப் பயப்படு.

2024 மே 13

நேற்று எழுத மறந்தது: இப்படி ஒரு கிரீமை ஏற்கெனவே மாதக்கணக்காகப் பூசுகிறவர்கள் நான் எழுதினதைப் படித்துவிட்டு சட்டென்று நிறுத்தவேண்டாம். டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் காசு எடுப்பதில்லை.

2024 ஜூன் 2

மஞ்சள் சேர்க்கவில்லையே என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அம்மம்மா சேர்த்தார். நான் சேர்ப்பதில்லை. அதற்குக் காரணம் மஞ்சளில் இல்லை, பக்கெட்டில் இருக்கிறது. 2020இல் இறக்குமதி நின்று மஞ்சள் விலை எகிறினபோது, அரிசி மாவும் கோதுமை மாவும் நிறமும் கலந்த தூள் எவ்வளவு விற்கப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். நிறத்துக்கு என்ன போட்டார்கள் என்று தெரியாததை நான் முகத்தில் வைக்கமாட்டேன். வீட்டில் மஞ்சள் நட்டிருந்தால், கிழங்கைக் கல்லில் உரசி ஒரு துளி சேருங்கள். கஸ்தூரி மஞ்சள் கறை பிடிக்காது, ஆனால் அந்தப் பெயரில் வேறு கிழங்குகளையும் விற்கிறார்கள்.

தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். தலைக்கு வை. பரு வருகிற முகத்துக்கு வேண்டாம், துவாரத்தை அடைக்கும். இரவில் எண்ணெய் பூசிப் படுத்த நாட்களில் எனக்கு மூக்கோரம் முழுக்கக் கருமுள் வரும்.

2024 ஜூன் 16

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். மரமஞ்சளைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அது பிடிக்கும். சிங்களத்தில் வெனிவெல். காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு அவித்துக் குடிக்கிற அதே மஞ்சள் குச்சிதான். சந்தனக் கல்லில் தண்ணீர் விட்டு உரசினால் முட்டைக் கரு நிறத்தில் இறங்கும். அதை ஈர்க்குச்சியில் தொட்டு, புதிதாகப் பழுத்த பருவின் மேல் மட்டும் வைத்தால் சூடு தணிகிறது. அதில் பெர்பெரின் இருக்கிறது, கிருமிக்கு எதிரானது. ஆனால் தலையணை உறையில் பட்டால் போகாது. இன்னொரு கவலையும் இருக்கிறது. தெற்கில் ஈரக் காடுகளில் மிக மெதுவாக வளர்கிற கொடி அது, வெட்டி வெட்டியே அருகிப்போய்விட்டது. ஒரு பருவுக்கு ஒரு விரல் நீளக் குச்சி வருசக்கணக்கில் வரும், கட்டுக் கட்டாக வாங்காதீர்கள்.

இதை எழுதும்போது பர்மாப் பெண்கள் கன்னத்தில் பூசுகிற தனகா நினைவுக்கு வருகிறது. அதையும் மரத்தைக் கல்லில் உரசித்தான் எடுக்கிறார்கள். அவர்கள் உரசுகிற மரங்களில் ஒன்று நம்முடைய விளாமரம். நமக்கு விளாம்பழத்தோடு கதை முடிந்துவிடுகிறது, பட்டையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பூசிப் பார்த்ததில்லை, அதனால் பூசு என்று சொல்லவும் மாட்டேன்.

2024 ஜூலை 7

கச்சான் காற்று வீசுகிறது. உப்புவெளிப் பக்கம் போய் வந்தால் முகம் அப்பளம் போலக் காய்கிறது. இந்த நாட்களில் தயிர்த் தண்ணீர் வேண்டாம், பாலில் குழையுங்கள், ஒன்றைவிட்டு ஒரு நாள் போதும்.

நேற்று ஒன்றைக் கவனித்தேன், அதை எழுதத்தான் வந்தேன்.

மகள் என்னை ஒரு படம் எடுத்தாள். அதில் என் இடது கன்னம் வலது கன்னத்தைவிட ஒரு மட்டு கறுப்பு. ஒரே மா, ஒரே கை, ஒரே தண்ணீர். இடது பக்கம் மட்டும் ஏன்? தையல் மெஷினில் போய் இருந்தவுடனே விளங்கியது. யன்னல் என் இடது பக்கம். பதினான்கு வருசமாக அந்தக் கதிரையில், அந்த யன்னலோரம், காலை எட்டு தொடக்கம் மூன்று மணி வரை. கண்ணாடி போட்ட யன்னல் என்பதால் வெயில் சுடாது, நானும் நினைக்கவில்லை. ஆனால் சுடுகிற கதிரைத்தான் கண்ணாடி பெரும்பாலும் நிறுத்துகிறது. கறுக்க வைக்கிற நீளக் கதிர் கண்ணாடிக்குள்ளால் வந்துவிடுகிறது. தோல் வைத்தியர் 2016இலேயே ‘எந்தப் பக்கம் வெளிச்சம் படுகிறது’ என்று கேட்டவர். அப்போது ‘வீட்டுக்குள்ளேதான் இருக்கிறேன்’ என்று பதில் சொல்லிவிட்டேன்.

இன்று மெஷினை முன் சுவருக்கு நகர்த்திவிட்டோம். யன்னலுக்குப் பழைய சேலையில் இரண்டு மடிப்பில் திரை தைத்துப் போட்டேன்.

2024 ஜூலை 21

இரண்டு கிழமையாக மனதுக்குள் ஒரு கேள்வி. பயத்தம்மா உண்மையாகவே கறுப்பைப் போக்குகிறதா, அல்லது அது தானாகப் போகிறதா?

நேர்மையாகச் சொன்னால், மா கறுப்பை எடுக்கிறது என்று இப்போது நான் சொல்லமாட்டேன். பரு ஆறின இடத்தில் தோல் கூடுதலாக நிறம் போட்டுவிடுகிறது. மேல்தோல் புதுப்பிக்கப் புதுப்பிக்க அது மாதக்கணக்கில் தானாக மங்கும். மங்கவிடாமல் செய்பவை மூன்று: வெயில், கிள்ளுகிற விரல், எரிச்சல் தருகிற பூச்சு. பயத்தம்மா எண்ணெயையும் அழுக்கையும் எடுக்கிறது, தோலை எரிக்காமல் எடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. மா போடத் தொடங்கினதோடு நான் தேசிக்காயை விட்டேன், சவர்க்காரத்தை விட்டேன், பருவை நகத்தால் கிள்ளுவதை விட்டேன். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஆனாலும் நான் அதை விடப்போவதில்லை. ஒரு நாளின் கடைசியில் மூன்று நிமிடம் முகத்தைக் கண்ணாடியில் ஆறுதலாகப் பார்ப்பதற்கு எனக்கு வேறு நேரம் கிடையாது.

கேள்விக்காரத் தங்கச்சிக்கு: மாவுக்கு முதல் குடையை எடு. பத்து மணி தொடக்கம் மூன்று மணி வரை குடை இல்லாமல் படி இறங்காதே. வீட்டில் இருக்கிற பழைய குடை போதும், கறுப்பென்றால் இன்னும் நல்லது.

2024 ஜூலை 28

எல்லாக் கறுப்பும் ஒன்றில்லை என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சிச் சிறகு போல ஒரே அளவில் மண்ணிறம் படர்ந்தால் அது மங்கு. பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும், குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையாலும் வரும். மாவுக்கு அது அசையாது. வெளிறின வட்டங்களாக, சுரண்டினால் தவிடு போல உதிர்ந்தால் அழுக்குத் தேமல். அது பூஞ்சணம், பார்மசியில் அதற்கென்று மருந்து இருக்கிறது. வெளிறின இடத்தில் தொட்டாலும் கிள்ளினாலும் உணர்வே இல்லை என்றால் ஒரு பூச்சும் வேண்டாம், அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போ. அது தொழுநோயாக இருக்கலாம். மருந்து இலவசம், முற்றாகச் சுகமாகும், பிந்தினால்தான் கை கால் நரம்பு கெடும். வெட்கப்பட்டு மறைக்க அதில் ஒன்றும் இல்லை.

ஒரு மச்சம் வடிவம் மாறினாலும் இரத்தம் கசிந்தாலும் அதே பதில்தான்.

2024 ஆகஸ்ட் 11

தங்கச்சி எழுதியிருக்கிறாள். வலது கன்னம் நன்றாக மங்கிவிட்டது, இடதில் இரண்டு இடம் இன்னும் தெரிகிறதாம். கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்கிறது, பார்லரில் ப்ளீச் பண்ணலாமா என்கிறாள்.

வேண்டாம் பிள்ளை. கலியாணத்துக்கு முன்னால் ஒரு புதுப் பொருளும் முகத்தில் வைக்காதே. ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆறுவதற்கு நாள் இல்லை. ஆகஸ்ட் கடைசியில் சூரியன் மறுபடி நேர் உச்சிக்கு வரும், பந்தலுக்கும் கோயிலுக்கும் அலையப்போவது நீதான். குடை.

2024 செப்டம்பர் 8

கலியாணம் முடிந்தது. படம் அனுப்பியிருந்தாள். இடது கன்னத்தில் அந்த இரண்டு இடமும் இருக்கின்றன, உற்றுப் பார்த்தால் தெரிகிறது. அவள் அதை மறைக்காமல் வாய் நிறையச் சிரித்தபடி அக்காவின் மாலையைச் சரிபண்ணிக்கொண்டு நிற்கிறாள். தன் மா முடிந்துவிட்டது, இனி ஒரு கிலோவாக அரைக்கட்டா என்று கேட்டிருக்கிறாள்.

அரைக்காதே. மாரி வரப்போகிறது. ஐப்பசி பிறந்தால் பயறு காயவும் மாட்டாது, அரைத்து வைத்த மாவில் வண்டும் பூஞ்சணமும் பிடிக்கும். இந்த மாத வெயிலுக்குள் கால் கிலோ மட்டும் அரைத்து, கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி வை. ஈரக் கரண்டி போடாதே. இரண்டு கிழமைக்கு வேண்டியதைச் சின்ன டப்பாவில் எடுத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோ. மணம் மாறினால் யோசிக்காமல் கோழிக்குப் போட்டுவிடு.